கோபாலனுக்குத் தெரிவே இருக்கவில்லை

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குப் புதுசா ஒரு கதை கிடைச்சிருக்கு. வட்சப்பில் சுத்துது. விளையாட்டுப் போட்டி மேடையில் மைக்கைப் பிடிச்சவர் சொல்றார். ரியூசன் வகுப்பில் பாடத்துக்கு நடுவில் சேர் சொல்றார். கதை இதுதான்:

"1936 ஆம் ஆண்டு ஒரு தமிழனுக்கு முன்னால ரெண்டு வழி இருந்தது. ஒண்டு ஒலிம்பிக் ஹொக்கி, மற்றது கிரிக்கெட். அவர் கிரிக்கெட்டைத் தெரிவு செய்து இங்கிலாந்துக்குப் போனார். அங்க ஒரு டெஸ்டிலயும் விளையாடக் கிடைக்கல்ல. அவர் விட்டுட்டுப் போன ஹொக்கி அணி பெர்லினில தங்கம் வாங்கிச்சு. பிள்ளையள், ஒரு பிழையான முடிவு வாழ்க்கையையே மாத்திடும்."

இந்த வருசம் மட்டும் மூன்று பேர் வாயால் இதைக் கேட்டுவிட்டோம். மூன்று தரமும் கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டியது: ஆகவே விளையாட்டை விட்டுட்டு ஏ.எல். பாடத்தைப் பாருங்க. ஹொக்கியை விட்டுக் கிரிக்கெட்டுக்குப் போன ஒருவரிலிருந்து புவியியல் வினாத்தாளுக்கு எந்தப் பாதையால் வந்து சேர்கிறார்கள் என்பது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அது போகட்டும். எங்கட சண்டை அந்தக் கடைசி வரியோட இல்லை. கதையே பிழை என்கிறோம். பிழையான கதையைச் சொல்லி வெருகல் பிள்ளைகளைப் பயமுறுத்துவது அதைவிடப் பெரிய பிழை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். கதை சொல்றவங்க பலருக்கு அவருடைய பெயரே தெரியாது, "ஒரு தமிழன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் எம். ஜே. கோபாலன், மொறப்பாக்கம் ஜோய்சம் கோபாலன். செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பக்கத்து ஊர் அது. சி. பி. ஜோன்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் இவருடைய பந்துவீச்சைக் கவனித்தார். ஜோன்ஸ்டன் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பனிக்காரர், சென்னைக் கிரிக்கெட்டை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். அவர்தான் கோபாலனுக்கு அந்தக் கம்பனியில் வேலை எடுத்துக்கொடுத்து, திருவல்லிக்கேணிக் கழகத்தில் விளையாடவும் வழி செய்தார். இந்தச் சின்ன விசயத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் விளையாடினார். ஒரு விக்கெட். துடுப்பில் ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7. அவருடைய டெஸ்ட் வாழ்க்கை அந்த ஒரு மெச்தான். அதே வருசம் நவம்பர் 4 ஆம் திகதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த போட்டியில் முதல் பந்தை வீசியவரும் இவர்தான். ரஞ்சிக் கிண்ணத்தின் முதல் பந்து அது. இன்றைக்கு வரைக்கும் இந்தியாவின் பெரிய உள்ளூர்ப் போட்டி எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டால், கோபாலனின் கையிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மெச் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48, 59 என்று சுருண்டது. சென்னை எடுத்த 130 போதுமாக இருந்தது. (முதல் பந்து கோபாலனுடையது என்றாலும் அன்றைக்கு மைசூரைச் சுருட்டியவர் ஏ. ஜி. ராம்சிங், 11 விக்கெட். முதல் பந்து வீசியவரின் பெயர் நிலைத்ததைப் போல அந்த 11 நிலைக்கவில்லை. விளையாட்டு வரலாறு இப்படித்தான் சில்லறைக் காரணங்களுக்காக ஆட்களை ஞாபகம் வைத்திருக்கும்.)

அடுத்த வருசம், 1935 இல், இதே மனிதர் கையில் ஹொக்கி மட்டையோடு நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறார். அணித் தலைவர் தியான் சந்த். அந்தச் சுற்றுப்பயணத்தில் இந்திய அணி 48 மெச் விளையாடி 48 ஐயும் வென்றது. வழியில் இலங்கையில் விளையாடியதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரு வருசத்தில் டெஸ்ட் தொப்பி, அடுத்த வருசத்தில் உலகத்தின் முதல்தர ஹொக்கி அணியில் இடம். எங்கட ஊரில் ஒரு பொடியன் மென்பந்துக் கிரிக்கெட்டிலும் கரப்பந்திலும் நல்லா வந்தாலே "ரெண்டு தோணியில கால் வைக்காத" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இவர் ரெண்டு தோணியிலும் நல்லாவே நின்றவர்.

இப்ப 1936 க்கு வருவோம். இந்தியக் கிரிக்கெட் அணி மே மாதம் தொடக்கம் கோடை முடியும் வரைக்கும் இங்கிலாந்தில். ஒலிம்பிக் ஓகஸ்ட்டில் பெர்லினில். விமானம் ஏறி நாலு நாளில் போய்வருகிற காலம் இல்லை, கப்பலில் போகவே வாரக்கணக்கு எடுக்கும். ஹொக்கி அணிக்கான தெரிவுப் போட்டிகளுக்குப் போவதா, கிரிக்கெட் அணியோடு புறப்படுவதா என்று கோபாலன் நின்றார், கிரிக்கெட்டோடு போனார்.

கதை சொல்றவங்களின் முதல் பிழை இங்கதான். தங்கப் பதக்கம் மேசையில் இருந்தது, அதைத் தட்டிவிட்டுப் போனார் என்கிற மாதிரிச் சொல்றாங்க. அவர் முன்னால் இருந்தது பதக்கம் இல்லை, தெரிவுப் போட்டி. அதில் வென்று, அணிக்குள் வந்து, பெர்லினில் களம் இறங்கினால்தான் மிச்சக் கதை. ஆனால் கிரிக்கெட் அணியில் இடம் கைக்குக் கிடைத்திருந்தது. இந்திய அணி டெஸ்ட் விளையாட இங்கிலாந்து போவது அதுதான் ரெண்டாவது தடவை, முதல் தடவை 1932. ஹொக்கியில் இந்தியா ஏற்கெனவே 1928 இலும் 1932 இலும் தங்கம் வாங்கி முடித்திருந்தது. கோபாலன் இல்லாவிட்டாலும் ஹொக்கி அணி வெல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 1936 மார்ச் மாதத்தில் நின்று யோசிக்கிற எவரும் அந்த முடிவைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஓகஸ்ட் 15 க்குப் பிறகுதான் எல்லாருக்கும் புத்தி வந்தது.

ஓகஸ்ட் 15 என்று சும்மா சொல்லவில்லை. ஹொக்கி இறுதிப் போட்டி 14 ஆம் திகதி நடக்க இருந்தது, மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. 15 ஆம் திகதி பெர்லினில் ஜேர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கினார்கள். அதே 15 ஆம் திகதி லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அந்தப் பதினொருவரில் கோபாலன் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் வைத்தது யார்? கோபாலனா?

அந்தச் சுற்றுப்பயணத்தில் ஏன் அவருக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை என்பதையும் பேச்சாளர்கள் சொல்வதில்லை. வேகப்பந்துக்கு அந்த அணியில் முகமது நிசார், அமர் சிங், ஜகாங்கிர் கான் இருந்தார்கள். இங்கிலாந்து லீக்கில் விளையாடிக்கொண்டிருந்த அமர் சிங்கை டெஸ்டுகளுக்காகக் கேட்டு எடுத்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே வருவது லேசான காரியம் இல்லை, அது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணங்களும் இருந்தன. அணித் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார், எல்லாரும் 'விஸ்ஸி' என்று கூப்பிடுகிறவர். மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ஓட்டம். அந்தப் பயணத்துக்கு நடுவில் வெள்ளைக்கார அரசு அவருக்கு 'சேர்' பட்டம் கொடுத்தது. அணியின் நல்ல ஆட்டக்காரர் லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்னாலேயே ஒழுக்கம் சரியில்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். ஓவல் டெஸ்டில் பாக்கா ஜிலானி என்ற வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் கொடுத்தார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் சி. கே. நாயுடுவை அவமதித்ததற்குக் கிடைத்த பரிசு அது என்பது அந்தக் காலத்திலிருந்து சொல்லப்படுகிற கதை. கதை முழு உண்மையோ இல்லையோ, அப்படி ஒரு கதை நிற்கிற அளவுக்கு அந்த அணி நாறிப்போயிருந்தது. இப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்ட மனிதரைப் பார்த்து "நீ பிழையாத் தெரிவு செய்திட்டாய்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. பெர்லின் போன ஹொக்கி அணி ஜூலை மாதம் ஒரு பயிற்சி மெச்சில் ஜேர்மனியிடம் 4-1 என்று தோற்றது. பயந்துபோய் இந்தியாவுக்குச் செய்தி அனுப்பி, தாரா என்ற ஆட்டக்காரரை விமானத்தில் வரவழைத்தார்கள். அரையிறுதிக்கு முன்னால் வந்து சேர்ந்தார், விளையாடினார், தங்கத்தோடு போனார். அந்த நேரம் கோபாலன் இருந்தது இங்கிலாந்தில், பெர்லினுக்கு ரயிலும் படகுமாகப் போகக்கூடிய தூரத்தில். அவர் ஹொக்கிப் பட்டியலில் இல்லை, அதனால் கூப்பிட்டிருக்க முடியாது என்பது சரி. நாங்கள் சொல்ல வருவது வேறு. ஒரு சங்கத்துக்குத் தேவை என்று வந்துவிட்டால் பாதி உலகத்தைத் தாண்டி ஒரு ஆளைக் கொண்டுவர 1936 இலும் வழி இருந்தது. ஒரு ஆட்டக்காரருக்குத் தேவை என்று வரும்போதுதான் "தெரிவு செய், ஒண்டைப் பிடி" என்கிறார்கள்.

இதே 1936 இல் சுவீடனில் ஸ்வென் பெர்க்விஸ்ட் என்று ஒருவர் இருந்தார். வயது 22 கூட ஆகவில்லை. அந்த வருசக் குளிர்கால ஒலிம்பிக்கில் சுவீடனுக்காகப் பனி ஹொக்கி விளையாடினார். அதே வருசம் பெர்லின் ஒலிம்பிக்கில் சுவீடன் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளராகவும் நின்றார். ஜப்பானிடம் 3-2 என்று தோற்றார்கள், அது வேறு விசயம். இது போதாதென்று பண்டி என்ற பனிப் பந்தாட்டத்திலும் நாட்டுக்காக விளையாடியவர். அந்தக் காலத்துச் சுவீடன் ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய அதிசயம் இல்லை. 1920 இல் அந்த நாடு முதல் தடவையாக ஒலிம்பிக் பனி ஹொக்கிக்குப் போனபோது அணியில் பெரும்பாலும் பண்டி விளையாடுகிறவர்கள்தான். குளம் உறைந்தால் ஹொக்கி, பனி கரைந்தால் உதைபந்து. பருவம் மாறும்போது விளையாட்டும் மாறியது, ஒருவரிடமும் "எதை விடப் போறாய்?" என்று கேட்கத் தேவை வரவில்லை.

பெர்க்விஸ்ட் கோபாலனைவிடத் திறமைசாலியா, மனவுறுதி கூடியவரா என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அவருடைய ரெண்டு போட்டியும் ஆறு மாத இடைவெளியில் வந்தன. கோபாலனுடைய ரெண்டு போட்டியும் ஒரே நாளில் வந்தன. அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவரை மேதை என்றும் மற்றவரைத் தவறவிட்டவர் என்றும் ஆக்கியது நாட்காட்டி.

நாட்காட்டியோடு சேர்த்துக் காசையும் சொல்ல வேண்டும். கோபாலன் போன அதே 1936 கிரிக்கெட் அணியில் சென்னையிலிருந்து சி. ராமசாமி என்று இன்னொருவரும் இருந்தார். அவரும் ரெண்டு விளையாட்டுக்காரர். 1922 இல் இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ண டென்னிஸ் விளையாடியவர். 1936 இல் தன்னுடைய 40 ஆவது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்டில் இறங்கி 40, 60 என்று அடித்தார். அருமையான ஆட்டம், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் யார்? சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படுகிற புச்சி பாபு நாயுடுவின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். டென்னிஸ் மட்டையும் கிரிக்கெட் மட்டையும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. 26 வயதில் ஒரு விளையாட்டு, 40 வயதில் இன்னொன்று என்று ஆறுதலாக விளையாட அவருக்கு வசதி இருந்தது.

கோபாலனுக்கு இருந்தது பர்மா ஷெல் வேலை. அந்த வேலையைத் தேடித் தந்தவர் கிரிக்கெட் மைதானத்தில் அவரைக் கண்ட ஆள், ஜோன்ஸ்டன். ஹொக்கியால் சோறு கிடைக்கவில்லை, கிரிக்கெட்டால் கிடைத்தது. இதை வைத்துக்கொண்டு அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று ஜோசியம் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் தெரிவு தெரிவு என்று வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், ஒருவர் தெரிவு செய்கிறபோது அவருடைய சம்பளச் சீட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? 1928 இல் இந்திய ஹொக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங்கை எடுங்கள். ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசி, ஒக்ஸ்போர்ட்டில் படித்து ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். ஒலிம்பிக்குக்குப் போக லீவு கொடுக்கவில்லை. போனார். திரும்பி வந்தால் பயிற்சியை இன்னும் ஒரு வருசம் செய் என்றார்கள், உதறிவிட்டார். அவரை வீரன் என்று கொண்டாடலாம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் ஹொக்கி விளையாட ஒருவர் தன்னுடைய உத்தியோகத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் லீவு மறுத்தவர்கள்.

இனி எங்கட பக்கத்துக்கு ஒரு ஏச்சு. அந்த வட்சப் கதைக்கு எதிர்ப் பதிப்பு ஒன்றும் சுத்துது. அதில் கோபாலன் 'உலகை வென்ற தமிழன்'. பின்னால மேளம், முன்னால புலிப்பாய்ச்சல். இதுவும் எங்களுக்கு வேண்டாம். அவர் விளையாடியது சென்னை மாகாணத்துக்கு, பிறகு இந்தியாவுக்கு. அவரோடு ஒரே அணியில் பஞ்சாபியும் மராத்தியும் தெலுங்கரும் வெள்ளைக்காரனும் இருந்தார்கள். அவரைக் கண்டெடுத்ததே ஒரு வெள்ளைக்காரர். இதே ஆட்கள்தான் இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 இல் நடந்த மைதானம் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரில் இருக்கிறது என்று மார்தட்டுவார்கள். உண்மைதான், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. ஆனால் அந்தக் கழகம் கொழும்பில் இருந்தது, கொழும்புத் தமிழருடையது. வெருகலில் இருந்து ஒருவர் அந்தப் புல்லில் கால் வைக்க எத்தனை ஆறு தாண்ட வேண்டும் என்பதை அந்தப் பெருமை ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

பெருமை வேண்டும் என்றால், இலங்கைக்கும் கோபாலனுக்கும் இருக்கிற உண்மையான தொடர்பைச் சொல்லுங்கள். அவர் முதல்தரக் கிரிக்கெட்டுக்கு வந்து 25 வருசம் ஆனதைக் குறித்து, 1953 இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையில் ஒரு மெச் நடந்தது. அதுவே பிறகு கோபாலன் கிண்ணம் ஆனது. 70 கள் வரைக்கும் நடந்தது. எங்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து 1981 இல்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் இலங்கை ஆட்டக்காரர் வெளிநாட்டு அணி ஒன்றோடு ஒழுங்காக முதல்தர மெச் விளையாடக் கிடைத்த இடம் என்றால் பெரும்பாலும் இந்தக் கிண்ணம்தான். ஒரு டெஸ்ட் மட்டும் விளையாடிய மனிதர் இன்னொரு நாட்டின் கிரிக்கெட்டைத் தாங்கி நின்ற ஒரு போட்டிக்குப் பெயராக இருந்திருக்கிறார். 50 களில் இந்திய அணியைத் தெரிவு செய்கிற குழுவிலும் இருந்தார். 2003 டிசம்பரில் சென்னையில் காலமானபோது தொண்ணூறைத் தாண்டிய வயது. இவருடைய வாழ்க்கையை 'தவறவிட்டவர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க எப்படி மனம் வருது?

சரி, 1936 நடந்து முடிந்தது. வெருகலுக்கு இதால என்ன?

எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். ஊரும் பாடசாலையும் வேண்டாம். 400 மீற்றர் ஓடுவாள், கபடியும் விளையாடுவாள். ரெண்டிலும் கீழ் மட்டத்தை வென்று மேல் மட்டத்துக்குப் போகத் தகுதி எடுத்தாள். ரெண்டு போட்டியும் ஒரே சனிக்கிழமை, ஒன்று ஒரு ஊரில், மற்றது வேறொரு ஊரில். "நீயே முடிவெடு மகள்" என்றார்கள். பதினைந்து வயது. கபடிக்குப் போனாள், ஏனென்றால் அவள் இல்லாவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் மெச் இல்லை. கபடியில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அந்த 400 மீற்றரை வென்ற பிள்ளையின் நேரம் இவள் வழமையாக ஓடுகிற நேரத்தைவிடக் கூட. அடுத்த கிழமை வகுப்பில் அவளுக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? கோபாலனுடைய கதை. 'பிழையான முடிவு' கதை.

அதுக்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

எங்கட பிரதேசத்தில் விளையாட்டுக்குக் கிடைக்கிற நாட்களே கொஞ்சம். மார்கழி, தை வந்தால் மகாவலி நிறைந்து வெருகல் ஆறு மேலே ஏறும். ஈச்சிலம்பற்று, பூநகர், மாவடிச்சேனைப் பக்கமெல்லாம் வருசா வருசம் வெள்ளம் பார்க்கிற இடங்கள். விளையாட்டுத் திடல் குளமாகும். சுவீடனில் குளம் உறைந்தால் ஹொக்கி விளையாடினார்கள், எங்கட திடல் குளமானால் எருமைதான் இறங்கும். தண்ணி வத்தி, சேறு காய்ந்து, குழியை நிரப்பி முடிக்கும்போது இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிடும். பிறகு கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம் என்று எல்லாம் நெருக்கி அடித்துக்கொண்டு வரும். கொழும்புப் பாடசாலைப் பிள்ளைக்கு வருசம் முழுக்கப் பயிற்சி, எங்கட பிள்ளைக்குச் சில மாதம். அந்தச் சில மாதத்துக்குள் ரெண்டு போட்டியை ஒரே நாளில் வைத்துவிட்டு "முடிவெடு" என்பது பிள்ளைக்குக் கொடுக்கிற சுதந்திரமா? திகதி போடுகிறவர் தன் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டுவது அது.

எங்கட வயசுப் பொடியன்களின் கழகங்களையும் விட முடியாது. ஒரு ஊருக்கு மூன்று விளையாட்டுக் கழகம், மூன்றும் மென்பந்துக் கிரிக்கெட். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்மார் அனுப்புகிற காசு முழுக்க ஜேர்சிக்கும் கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும். கரப்பந்து வலை கிழிந்து ரெண்டு வருசம். கழகத்தில் பெண் பிள்ளைகளின் பெயர் பதிவில்கூட இல்லை. ஹொக்கி மட்டை ஒன்றைக் கையால் தொட்ட ஆள் எங்கட பிரதேசத்தில் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்த்தோம், சிரித்தார்கள். 1936 இல் கிரிக்கெட் ஒரு மனிதரை ஹொக்கியிடமிருந்து இழுத்தது. இன்றைக்கு எங்கட ஊரில் இழுப்பதற்கு வேறு விளையாட்டே மிச்சம் இல்லை. கிரிக்கெட்டை வெறுக்கச் சொல்லவில்லை, எங்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்க நிற்போம் என்று எல்லாருக்கும் தெரியும்தானே. ஆனால் பத்து ஆயிரத்தில் ஒரு ஆயிரத்தை வலைக்குக் கொடுத்தால் கிரிக்கெட் செத்துவிடாது.

"விளையாட்டால சோறு வருமா?" என்று கேட்கிற பெற்றோருக்கும் ஒரு சொல். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பிள்ளை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார், பிறகு கலாநிதிப் பட்டமும் எடுத்தார், பல நாடுகளில் படிப்பித்தார். படிப்பா விளையாட்டா என்று அவரிடம் ஒருவர் கட்டாயப்படுத்திக் கேட்டிருந்தால் ரெண்டில் ஒன்று நாட்டுக்கு இல்லாமல் போயிருக்கும். அவருக்கும் கஸ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் பாய்ந்ததால் பல்கலைக்கழகக் கதவு திறந்தது என்பதை மேடைப் பேச்சாளர்கள் ஏன் சொல்வதில்லை?

எங்கட கேள்விகள் பெரிசா ஒன்றும் இல்லை. வருசத் தொடக்கத்தில் மெய்வல்லுநர் போட்டித் திகதிகளையும் குழு விளையாட்டுத் திகதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மோதினால் ஒன்றை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால், ரெண்டுக்கும் தகுதி எடுத்த பிள்ளைக்கு ஓட்டத்தைக் காலையிலும் மெச்சைப் பின்னேரமும் வைத்து ஒரு வாகனம் கொடுங்கள். தாராவுக்கு விமானம் கொடுத்தார்கள், நாங்கள் கேட்பது ஒரு வான். வெள்ளக் காலத்தில் பாடசாலை மண்டபத்தில் மேசைப்பந்தாட்ட மேசை ஒன்று போட இடம் இருக்கிறது, நாங்கள் அளந்து பார்த்துவிட்டோம்.

சம்பந்தப்பட்டவர்களுக்குக் கடிதமாகவும் எழுதியிருக்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டில் மேல் மட்டத்துக்குத் தகுதி எடுத்த பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு ஊராகச் சேர்த்துக்கொண்டு வருகிறோம். முத்துச்சேனை முடிந்தது, பூநகரும் ஈச்சிலம்பற்றும் பாதியில் நிற்கிறது. உங்கட ஊரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் விபரம் தாங்க. பெயரை வெளியில் போட மாட்டோம். என்ன விளையாட்டு, எந்தத் திகதி, எதை விட வேண்டி வந்தது. இந்த மூன்றும் போதும்.